மெரெ போட்ட கோடி

ஓய்வு பெற்ற பிறகும் என்னை முழுதாக விட்டபாடில்லை. டுசல்டோர்ஃபில் நான் வேலை செய்த கலாசார மண்டபத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பொருள் தூக்கவும் மாட்டவும் காட்டிக் கொடுக்க இடைக்கிடை கூப்பிடுவார்கள். போன தடவை போனபோது லேனா என்ற பிள்ளை கையில் ஒரு கையேட்டோடு நின்றாள். வேறு நாட்டு மக்களின் பொருட்களைக் காட்சிக்கு வைக்கமுன் அந்த மக்களைக் கேட்கவேண்டும், அவர்களுடைய சடங்குக்கு இடம் விடவேண்டும் என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறதாம். வாசித்துக் காட்டிவிட்டு, "உங்கடை காலத்திலை இதொண்டும் இல்லைத்தானே? கொண்டுவந்து சும்மா மாட்டினனிங்கள், என்ன?" என்று கேட்டாள். அவள் கேட்டது ஜெர்மனில். என் காதுக்குள் எல்லாம் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும், விழுந்தபடியே எழுதுகிறேன்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. மண்டபத்தில் பொருள் மாட்டுவதற்குப் பொறுப்பாயிருந்த கெஸ்லரின் கீழ் வேலை பழகியவனைப் பார்த்துச் சும்மா மாட்டினாயா என்று கேட்பதா? பதில் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அது ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் சொல்லக்கூடிய விஷயமில்லை. "பிறகு எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் வாசிப்பதற்கு யாராவது மொழிபெயர்த்துக் கொடுக்கட்டும்.

எண்பத்துநாலில் கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பக்கம் வந்து, அகதியென்று பதிந்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையைச் சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். டுசல்டோர்ஃபில் ஒரு ஹைமில், அதாவது அகதிகள் விடுதியில், ஒரே அறையில் மூன்றுபேரைப் போட்டார்கள். மூத்தவர் செல்வராசா அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், நாள் தவறாமல் திருநீறு பூசுகிறவர். இளையவன் யோகன், படுத்தால் ஒழிய வாய் ஓயாத பொடியன். நடுவில் நான். எங்கள் அந்த்ராக்குக்கு, அதாவது அகதி விண்ணப்பத்துக்கு, முடிவு வரும்வரை சம்பள வேலை செய்யக்கூடாது, நகரசபை சொல்லும் பொதுவேலைக்கு மட்டும் போகலாம் என்றார்கள். அண்ணை பூங்காவில் இலை கூட்டினார். யோகன் முதியோர் இல்லத்துக் குசினியில் சட்டிபானை கழுவினான். என்னைப் பழைய ட்ராம் கொட்டகை ஒன்றுக்கு அனுப்பினார்கள். அதுதான் மண்டபம்.

நிலம் கூட்டப் போனவன் எப்படிக் காட்சிப்பொருள் தூக்கப் பழகினேன் என்பதற்கு ஒரே பதில், கெஸ்லருக்கு அன்றைக்கு இன்னொரு சோடிக் கை தேவைப்பட்டது. அவர் முன்னர் தச்சர். முதுகு கொஞ்சம் கூனிய உயரமான மனிதர். காலையில் வணக்கம் சொல்லமாட்டார். "கை" என்பார். இரண்டு கையையும் நீட்டவேண்டும். மோதிரம், மணிக்கூடு, நகத்துக்குள் ஊத்தை, எதுவும் இருக்கக்கூடாது. முதல்நாள் எனக்கு அவமானமாக இருந்தது, இந்தாள் யார் என் நகம் பார்க்க என்று. பிறகு பார்த்தால் மண்டபத்தின் இயக்குநர் அம்மாவிடமும் அதே மாதிரித்தான் கேட்டார். அவவும் பேசாமல் மோதிரத்தைக் கழற்றினா.

நல்லது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வேலை சரியென்றால் அடுத்த வேலையைச் சொல்வார். பிழையென்றால் அதன்முன்னால் போய் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார், நாங்களாகப் பிழையைக் கண்டுபிடிக்கும்வரை. இரண்டு ஏச்சு ஏசியிருந்தாலும் தேவலாம் போல இருக்கும். ஒரு பொருளைத் தூக்கமுன் அது போய் இறங்கும் இடத்தை முதலில் ஆயத்தப்படுத்து என்பது அவருடைய சட்டம். தூக்கிவிட்டு இடம் தேடுகிறவன் அவருக்கு மனிதனே இல்லை.

எண்பத்தாறு குளிர்காலத்தில் மாவோரி மக்களையும் மற்றப் பசிபிக் தீவு மக்களையும் கொண்டாடும் கண்காட்சி ஒன்று எங்கள் மண்டபத்தில் நடந்தது. அரச அரும்பொருள் ஒன்றும் இல்லை. நியூசிலாந்தில் ஊர்ச் சங்கங்களாகச் சேர்ந்து வேலை செய்யும் பெண்களும் ஆண்களும் தாங்கள் செய்தவற்றைத் தாங்களே கொண்டுவந்தார்கள். தொங்காப் பெண்களின் பாய்கள் எங்கள் தாழை ஓலைப் பாய் மாதிரியே இருந்தன. சமோவாக்காரர் மரப்பட்டையைத் தட்டித் தட்டித் துணியாக்கி அதில் கறுப்பும் கபிலமுமாகக் கோலம் போட்டிருந்தார்கள். மாவோரிகள் ஒருவகைச் செடியின் நாரில் கையாலே பின்னிய போர்வைகளைக் கொண்டுவந்தார்கள். அந்தக் குழுவுக்கு மூத்தவர் மெரெ என்ற அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். பெரிய உடம்பு, முழங்கால் நோ, கதிரையைக் கண்டால் விடமாட்டார். கெஸ்லருக்கு ஆங்கிலம் போதாது, மெரெக்கு ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. பள்ளிக்கூட ஆங்கிலத்தோடு நான் நடுவில் நின்றேன்.

பெட்டிகள் வந்து இறங்கின அன்று கெஸ்லர் திறக்க விடவில்லை. குளிரிலிருந்து வந்த சாமானை உடனே சூட்டில் திறந்தால் வேர்க்கும், ஒருநாள் மூடியபடி மண்டபத்துச் சூட்டுக்குப் பழகட்டும் என்றார். இதை மெரெக்கு எப்படிச் சொல்வது, கோவிக்கப்போகிறாரோ என்று நான் பயந்தேன். அவரோ, "நல்லது. நாங்களும் விடியக்காலமை செபம் செய்யாமல் திறக்கமாட்டம்" என்றார். மண்டபத்துக்குள் சாப்பாடு கொண்டுவரக்கூடாது என்று கெஸ்லர் அடுத்த சட்டத்தைச் சொன்னார். இந்தப் பொருட்களுக்குக் கிட்டச் சாப்பாடு வைப்பது தங்களுக்கும் பெரிய குற்றம் என்றார் மெரெ. கெஸ்லரின் முகம் மலர்ந்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். தன் ஆயுளில் முதல்தரமாகத் தன்னைப்போல ஒரு ஆளைச் சந்தித்த சந்தோஷம்.

மறுநாள் விடியற்காலையில் பின்னறையில் செபம் செய்து பெட்டிகளைத் திறந்தார்கள். மெரெ மண்டப வாசலில் நின்று நீளக் குரலெடுத்துக் கூப்பிட, அவருடைய ஆட்கள் பொருட்களோடு வரிசையாக உள்ளே வந்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்தது இறகுப் போர்வை. மெரெயின் தாயும் தாயின் சகோதரிகளும் சேர்ந்து செய்தது. தேங்காய்ப்பூ நிறத்து நாரில் வெள்ளையும் கபிலமுமாக இறகுகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக முடிந்தவை. கெஸ்லர் அதைத் தொங்கவிடச் சம்மதிக்கவில்லை. தன் பாரத்தாலேயே கிழியும் என்றார். சரிவான பலகை ஒன்று செய்து, பஞ்சு வைத்து, துவைத்த பருத்தித்துணி சுற்றி, அதன்மேல் நாங்கள் இருவரும் சேர்ந்து கிடத்தினோம். "மூச்சையும் அங்காலை திரும்பி விடு" என்றார் எனக்கு. கண்ணாடியை மூடிப் பூட்டி, விளக்கை நன்றாகக் குறைத்துவிட்டுப் போனார்.

கண்காட்சி தொடங்கி இரண்டாம் கிழமை, முதியோர் இல்லத்துக் குசினியில் யோகன் விழுந்துபோனான். மூளைக்குள் இரத்தம் கசிந்துவிட்டதாம். நானும் அண்ணையும் ஆசுப்பத்திரிக்கு ஓடினோம். கண்ணே திறக்கவில்லை. மறுநாள் போய்விட்டான். வாய் ஓயாத பொடியன் எங்களோடு ஒரு வார்த்தை கதைக்காமல் போனான். கொழும்பில் இருந்த அவனுடைய சொந்தக்காரர் வீட்டுக்கு டெலிபோன் எடுத்துச் சொன்னோம். ஊரில் இருந்த தாய்க்கு அவர்கள் ஆளனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை தகனத்துக்கு டெர்மின், அதாவது குறித்த நேரம், என்று நகரசபை அறிவித்தது. இந்த நாட்டில் எரிகிறதுக்கும் டெர்மின்! அதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இருந்தபோதுதான் செல்வராசா அண்ணை கோடிப் பேச்சை எடுத்தார்.

எங்களுக்குள் ஒருவர் செத்தால் உரித்துள்ள சொந்தக்காரர் புதுத்துணி கொண்டுவந்து பிரேதத்தின்மேல் போடவேண்டும். அதுதான் கோடி. ஊரென்றால் மாமன் வழி, மச்சான் வழி, பெரியம்மா சின்னம்மா வழி என்று ஆள்மாறி ஆள் போடுவார்கள். யோகனுக்கு இந்த நாட்டில் இரத்த உறவென்று ஒரு காக்கை குருவி இல்லை.

"நாங்கள் ஒரு வேட்டி வாங்கிப் போடுவம் அண்ணை" என்றேன்.

"வேட்டி வாங்கலாம் தம்பி. உடுத்தியும் விடுவம். ஆனால் கடையிலை வாங்கினதெல்லாம் கோடியாகுமே? நீயும் நானும் அவனுக்கு ஆர்? ஒரே அறையிலை படுத்தம், அவ்வளவுதான். உரித்தாய் ஒரு கை போடவேணும். இல்லாட்டில் அது அநாதைப் பிரேதம்." சொல்லிவிட்டுச் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அந்தத் தாய்மனுசி நாளைக்குக் கேக்கும். நான் என்னத்தைச் சொல்ல?"

மறுநாள் நான் வேலைக்குப் போனேன். அறையில் யோகனின் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கெஸ்லர் "கை" என்றார். நீட்டினேன். மணிக்கூட்டைக் கழற்ற மறந்துபோயிருந்தேன். பார்த்துவிட்டு, "இண்டைக்கு நீர் ஒண்டும் தூக்கவேண்டாம்" என்று போய்விட்டார். மத்தியானம் பின்னறையில் மெரெ பாண் வெட்டி எனக்கு நீட்டினார். வேண்டாமென்றேன். செத்தவீட்டுக்காரனுக்கு என்ன சாப்பாடு? அவர் விடவில்லை, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"இப்ப அந்தப் பிள்ளையோடை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மா. ஆசுப்பத்திரியிலை குளிரறையிலை வைச்சிருக்கினம்."

"தனியவோ?" பாணைக் கீழே வைத்துவிட்டார். "எங்கடை ஆக்கள் செத்தவையைத் தனிய விடமாட்டினம். மண்ணுக்குப் போகும்வரை பக்கத்திலை ஆள் இருக்கும்."

"நாங்களும் அப்பிடித்தான். இஞ்சை உள்ளுக்கு விடமாட்டினம்."

"அவனுக்கு என்ன செய்யவேணும்? உங்கடை முறையைச் சொல்லு."

நான் கோடியைப் பற்றிச் சொன்னேன். உரித்து என்ற சொல்லுக்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை. சுற்றி வளைத்து, பிள்ளைக்கு ஆளிருக்கிறது என்று காட்டுகிற துணி என்றேன். மெரெ மேசையைப் பிடித்து எழும்பினார். முழங்கால் நோவோடு மண்டபம் முழுக்க நடந்து இறகுப் போர்வையின் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கெஸ்லரைக் கூப்பிடச் சொன்னார்.

"இதைத் திறவுங்கோ. வெள்ளிக்கிழமை இது அந்தப் பிள்ளைக்கு மேலை போகவேணும்."

நான் மொழிபெயர்த்து முடிக்கமுன் கெஸ்லர், "ஏலாது" என்றார். கண்காட்சி முடியும்வரை பொருள் வெளியே போகக்கூடாது, குளிர், ஈரம், காப்புறுதி, ஒன்றொன்றாகச் சொன்னார். ஒன்றும் பொய்யான காரணமில்லை. "இதுக்கு இப்ப நான்தான் பொறுப்பு" என்று முடித்தார்.

"நீங்கள் பொறுப்பு. சரி. நான் இதுக்குச் சொந்தம்" என்றார் மெரெ. குரல் உயரவில்லை. "இது பாக்கிறதுக்கு நெய்ததில்லை. என்ரை அம்மா போகேக்கை அவவுக்கு மேலை கிடந்தது. என்ரை தம்பி போகேக்கை அவனுக்கு மேலை கிடந்தது. போறவையைப் போத்து அனுப்பிப்போட்டு எங்களிட்டைத் திரும்பி வரும். இதே ஊரிலை ஒரு தாயின்ரை பிள்ளை போர்வையில்லாமல் கிடக்கேக்கை, இது கண்ணாடிக்குள்ளை என்னத்துக்கு?"

கெஸ்லர் போர்வைக்கு முன்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிழை கண்டால் எப்படி நிற்பாரோ அப்படி. எவ்வளவு நேரம் என்று தெரியாது, எனக்குக் கால் உளைந்தது. பிறகு என்னிடம் திரும்பினார்.

"பெட்டி என்ன நீளம்?"

"எந்தப் பெட்டி?"

"பொடியன்ரை பெட்டி. அளவு தெரியாமல் தாங்குபலகை எப்பிடிச் செய்யிறது?"

இயக்குநர் அம்மாவிடம் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்திராது. அன்று பின்னேரமே மெல்லிய பலகை அறுக்கத் தொடங்கிவிட்டார்.

இனிச் செல்வராசா அண்ணையைச் சம்மதிக்க வைக்கவேண்டும். அது கெஸ்லரைவிடக் கஷ்டம்.

"உனக்கென்ன விசரே?" என்றார். "ஆர் எவரெண்டு தெரியாத சனம். அதோடை பிணத்திலை போட்டதைத் திரும்பக் கொண்டுபோய்க் கண்ணாடிக்குள்ளை வைக்கிறதோ? துடக்கெல்லோ!"

"அது ஏற்கெனவே அவவின்ரை தாயிலையும் தம்பியிலையும் கிடந்ததாம் அண்ணை."

"சிவசிவா! அதைத்தான் அந்த மனுசி தோளிலை போடுறாவோ?"

அவருக்கு உடம்பே கூசியது. எங்களுக்குப் பிரேதத்தில் கிடந்த துணி வீட்டுக்குத் திரும்பாது. அவர்களுக்கோ எத்தனைபேரைப் போர்த்தியதோ அத்தனைக்கு அதன் மதிப்புக் கூடுகிறது. இரண்டையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? அண்ணை கடைசியாக, "சரி, எல்லாத்தையும் விடு. அவவுக்கு உரித்து எங்கையிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாது அண்ணை. ஆனால் பொடியனோடை இப்ப ஆர் இருக்கினமெண்டு அவதான் முதல் கேட்டவ. நாங்கள் ரெண்டுபேரும் அதை நினைக்கவேயில்லை."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். "வரச்சொல்லு" என்றார் அங்கிருந்தே.

வெள்ளிக்கிழமை தகனசாலையின் பக்கத்து அறையில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். யோகனுக்குப் பட்டுவேட்டி உடுத்தியிருந்தோம். கெஸ்லர் கறுப்புக் கோட்டோடு வந்தார். அண்ணையைக் கண்டதும் பழக்கத்தில் "கை" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. அண்ணை ஒன்றும் விளங்காமல் திருநீறு பூசிய இரண்டு கையையும் நீட்டினார். கெஸ்லர் பார்த்து, மரியாதையாகத் தலையாட்டினார்.

அடுத்தது ஒழுங்குமுறையில் சண்டை. பூவும் அரிசியும் எண்ணெயும் போட்டு முடித்தபிறகுதான் போர்வை என்றார் கெஸ்லர். கோடி விழாமல் வாய்க்கரிசி எப்படிப் போடுவது என்றார் அண்ணை. செத்த பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு பிடிவாதக்காரருக்கு நான் மொழிபெயர்த்தேன். கெஸ்லர் பெட்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார். பிறகு நெஞ்சுக்கு மேலே ஒரு வெள்ளைத் துணியை விரித்து, போர்வை நெஞ்சிலிருந்து கால்வரை கிடக்கட்டும், அரிசி இந்தத் துணியோடு நிற்கும் என்று காட்டினார். அண்ணை யோசித்துவிட்டு, "ஆள் விசயகாரன்" என்றார் எனக்கு மட்டும் கேட்க.

அப்போது வெளியிலிருந்து மெரெயின் குரல் வந்தது. பொருட்கள் உள்ளே வந்த விடியலில் கேட்ட அதே நீளக் கூப்பிடுகை, ஆனால் இது வேறு. உடைந்து உடைந்து வந்தது. தலையில் பச்சை இலை சுற்றி, இரண்டு பெண்கள் பக்கத்தில் வர, கூப்பிட்டபடியே மெல்ல மெல்ல நடந்து வந்தார். கண்ணாலும் மூக்காலும் நீர் ஓடியது, துடைக்கவில்லை. என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். "போ மகனே, உன்ரை முன்னோரிட்டைப் போ. எங்கடை ஆக்களும் அங்கை நிக்கினம், உன்னை வரவேற்பினம்" என்று சொன்னாராம். நானும் கெஸ்லரும் போர்வையைத் தூக்கிக் கொடுக்க, அவரே தன் கையால் யோகன்மேல் விரித்தார். குனிந்து தன் மூக்கை அவன் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் இரண்டுபேரும் வேட்டி உடுத்தியதோடு சரி, அவனை ஒருதரம் தடவிக்கூடப் பார்க்கவில்லை. அதன்பிறகுதான் எனக்கும் அழுகை வந்தது, அடக்கமுடியாமல் வந்தது.

அண்ணை பதிகம் பாடத் தொடங்கினார். குரல் நடுவில் நின்றது. மெரெயின் பெண்கள் தங்கள் மொழிப் பாட்டில் மெல்லத் தொடர்ந்தார்கள். அரிசி போட்டோம். நேரமாகிவிட்டது என்று உத்தியோகத்தர் வந்து நின்றார். போர்வையை எடுத்தோம். பெட்டி மூடி உள்ளே போனது.

வாசலில் செல்வராசா அண்ணை முதலே ஒரு பேசினில் மஞ்சள்தண்ணி கரைத்து வைத்திருந்தார், செத்தவீட்டால் போகிறவர்கள் தெளித்துக்கொள்ள. வெளியே வந்த மெரெயும் பெண்களும் அதைக் கண்டதும் கேட்காமலே குனிந்து கைநனைத்துத் தலையில் தெளித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பிரேதத்தை விட்டுப் போகும்போது தண்ணீர் தெளிக்கும் வழக்கம் இருந்தது. அண்ணைக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பெரிய ஆறுதல். இவையும் எங்களைப்போலத்தான் என்று மனம் இளகிவிட்டது. அந்த நேரம் பார்த்து நானும் கெஸ்லரும் பலகையில் போர்வையைக் கிடத்தித் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினோம். அண்ணை ஒரு கை நிறைய மஞ்சள்தண்ணி அள்ளி, "துடக்குக் கழியட்டும்" என்று போர்வைமேல் தெளித்துவிட்டார்.

தேங்காய்ப்பூ நிறத்து நாரில் மஞ்சள் மளமளவென்று ஊறியது.

கெஸ்லர் நின்றுவிட்டார். பலகையை வண்டிக்குள் இறக்கினோம். அவர் ஒற்றுத்தாள் எடுத்து, தேய்க்காமல், மேலிருந்து அழுத்தி அழுத்தி எடுத்தார். ஈரம் வந்தது; நிறம் வரவில்லை. அண்ணைக்கு அப்போதுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. "ஐயோ, அவையும் தெளிச்சவை எண்டுதானே நானும்..." என்று படியில் குந்தித் தலையில் அடித்துக்கொண்டார்.

மெரெ வந்து பார்த்தார். ஒரு மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். "இது என்ன?" என்று என்னைக் கேட்டார். மஞ்சள் என்றேன். கல்யாணத்துக்கும் அதுதான், செத்தவீட்டுக்கும் அதுதான், புதுத்துணி உடுக்கமுன் மூலையில் தொட்டு வைப்பதும் அதுதான் என்றேன். நான் சொல்வது எனக்கே சாட்டு மாதிரி இருந்தது.

"போகுமோ?" என்றார்.

கெஸ்லருக்கு அது விளங்கிவிட்டது. அவசரமாக, "போகும். இந்த நிறம் வெளிச்சத்துக்கு நிக்காது. யன்னலடியிலை கொஞ்சநாள் வைச்சால் மங்கிப்போம்" என்றார். அவர் அவசரப்பட்டு நான் கண்டது அந்த ஒருதரம்தான்.

"அப்ப வெளிச்சத்திலை வைக்கவேண்டாம்" என்றார் மெரெ.

கெஸ்லர் என்னைப் பார்த்தார். நான் பிழையாக மொழிபெயர்த்துவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன்.

"இதுக்குள்ளை என்ரை அம்மா இருக்கிறா, தம்பி இருக்கிறான். இனி இந்தப் பிள்ளையும் இருக்கிறான். ஒருத்தரையும் வெய்யிலிலை வைச்சு அழிக்கிறேல்லை." பிறகு படியில் இருந்த அண்ணையிடம் போய், அவர் கையைப் பிடித்து எழுப்பினார். முழங்கால் நோக்காரி, அந்தக் கனத்த மனுசனைத் தூக்கி நிறுத்தினார்.

போர்வை கண்ணாடிக்குத் திரும்பியது. மஞ்சள் மூலையைப் பின்னால் மடித்து மறைக்கலாம் என்று நினைத்தேன். கெஸ்லர் அதை முன்பக்கம் வரும்படி கிடத்தி, விளக்கை இன்னும் குறைத்தார். வடிவாகத் தெரியவில்லை என்று பார்வையாளர் முறையிட்டால், "கிட்டப் போய்ப் பாருங்கோ" என்பார். இயக்குநர் அம்மா அவரை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினா. வெகுநேரத்துக்குப் பிறகு வெளியே வந்து, எதுவும் நடவாததுபோல என்னிடம் "கை" என்றார். அதன்பிறகு பல காலம் வெளிநாட்டுப் பொருள் எதையும் அவர் பொறுப்பில் விடவில்லை. அதைப் பற்றி அவர் ஒருநாளும் முறைப்பட்டதும் இல்லை. எனக்கு வேலை அனுமதி கிடைத்ததும் நிரந்தரமாக எடுக்கச் சொல்லி நின்றவரும் அவர்தான். இப்போது லேனாவின் கையேட்டில் இருப்பதையெல்லாம் அந்த மனுசன் தன் பிழைப்பைப் பணயம் வைத்துச் செய்தார். பிள்ளை அதைத் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த கிழமை யோகனின் தாயைக் கொழும்புக்குக் கூட்டிவந்து எங்களோடு டெலிபோனில் கதைக்க வைத்தார்கள். அண்ணை ரிசீவரை வாங்க மறுத்துவிட்டார். நான்தான் கதைத்தேன். அந்த அம்மா எடுத்த எடுப்பில், "தம்பி, பிள்ளைக்குக் கோடி ஆர் போட்டது?" என்று கேட்டா.

"ஒரு அம்மா போட்டவ."

"எந்த ஊர் ஆள்?"

"தூரம் அம்மா. கடலுக்கு அங்காலை, நியூசிலாந்து. எங்கடை ஆக்களில்லை."

"என்ன முறை?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. "முறை சொல்ல எனக்குத் தெரியேல்லை அம்மா. பிள்ளையைத் தனிய விடக்கூடாதெண்டு வந்தவ. தன்ரை தாயைப் போத்தின போர்வையாலை போத்தினவ."

"குழறினவவோ?"

"ஓம் அம்மா. கட்டடம் முழுக்கக் கேக்கக் குழறினவ. அவன்ரை நெத்தியிலை முகத்தை வைச்சுக் குழறினவ."

அங்கே அழுகைச் சத்தம் கேட்டது. எப்போது ஓயும் என்று காத்திருந்தேன். "பேர் என்ன?" என்று கேட்டா. சொன்னேன். மெரெ, மெரெ என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தா. "முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடியக் கோயிலுக்குப் போய் அவவின்ரை பேரிலை ஒரு அர்ச்சனை செய்யவேணும். நட்சத்திரம் என்னெண்டு கேட்டுச் சொல்லு, ராசா."

நியூசிலாந்துக்காரிக்கு நட்சத்திரம்! ஆனால் அந்தத் தாய்க்கு இல்லையென்று எப்படிச் சொல்வது? அன்று பின்னேரம் மண்டபம் பூட்டி வெளியே வந்தபோது கேட்டேன். குளிர்காலம், வேளைக்கே இருட்டியிருந்தது. ஏன் என்று மெரெ கேட்டார். சொன்னேன். "நான் பிறந்தது எங்கடை நாட்டு நடுக்குளிரிலை. வானத்திலை ஒரு வெள்ளிக்கூட்டம் விடியமுன்னம் முதல்முதல் ஏறுற காலம். அந்த வருசம் செத்தவையின்ரை பேரை அதைப் பாத்துத்தான் சொல்லுவினமெண்டு அம்மா சொல்லுவா" என்றார். கொட்டகைக் கூரைக்கு மேலே தேடிவிட்டு, "அந்தா, இஞ்சை தலைகீழாய் நிக்குது" என்று கைகாட்டினார். பார்த்தேன். எங்கள் ஆறுமீன் கூட்டம். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் அது என்னவென்று. கார்த்திகை என்று கொழும்புக்குச் சொன்னேன்.

கண்காட்சி முடிந்து மெரெயின் குழு போர்வையோடு ஊருக்குப் போய்விட்டது. யோகனின் முப்பத்தொண்டாம் நாள் அந்தியேட்டி முடிந்து சில நாளில் கொழும்புச் சொந்தக்காரர் டெலிபோன் எடுத்தார். அர்ச்சனை நடந்துவிட்டது என்றார். நட்சத்திரத்தில் ஐயருக்குச் சிக்கல் இருக்கவில்லையாம். பேரில்தான் தட்டுப்பட்டு, "இதென்ன பேர் அம்மா, ஆர் இவ?" என்று கேட்டாராம்.

"என்ரை தமக்கை. ஜெர்மனியிலை பிள்ளையோடை நிண்டவ" என்று யோகனின் தாய் சொன்னாவாம்.